முழங்கால் வலியும் இரண்டு நிமிடப் பாட்டும்

சார்லி ஹார்ப்பர் என்ற லண்டன்காரர் 1976-இல் தன் இசைக்குழுவைத் தொடங்கியபோது அவருக்கு வயது 32. அதற்குமுன் முடிதிருத்தும் வேலை பார்த்தவர். அந்த வருடம் பங்க் ராக் பாட மேடையேறிய பையன்களெல்லாம் இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் ஹார்ப்பர் வரும்போதே கிழவர். யூகே சப்ஸ் என்ற அந்தக் குழு, ஆங்கில அரிச்சுவடி வரிசைப்படி தன் ஆல்பங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டே போனது. 1979-இல் ‘அனதர் கைண்ட் ஆஃப் ப்ளூஸ்’ என்று ஏ-யில் ஆரம்பித்து, 2016-இல் ‘ஸீஸோ’ என்று இசட்டில் வந்து நின்றார்கள். அப்போது ஹார்ப்பர் எழுபதைத் தாண்டியிருந்தார். எண்பதாவது பிறந்தநாளுக்குப் பிறகும் அவர் மேடையை விடவில்லை.

இருபத்தாறு எழுத்து, முப்பத்தேழு வருடம். அவசரக்காரர்களின் இசை என்று பேரெடுத்த ஒன்றுக்குள் இப்படியும் ஒரு மனிதர்.

நானும் அறுபதைக் கடந்தவன். பங்க் கேட்கிறவன் என்று சொன்னால் ஊரில் ஒரு சிரிப்பு, லண்டனில் இன்னொரு சிரிப்பு. ‘அது வயசுப் பிள்ளைகளின் பாட்டல்லவா’ என்பதுதான் இரண்டுக்கும் பொருள். மகள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்: “அப்பா, உங்களுக்கு எதில இன்னும் இவ்வளவு கோவம்?” நியாயமான கேள்விதான். வீட்டுக் கடன் கட்டி முடிந்தது. பென்ஷன் வருகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை மேசையில் இருக்கிறது. கோபப்பட என்ன இருக்கிறது?

பங்கை ஓட்டியது கோபம் என்று எழுதாதவர்கள் இல்லை. எனக்கென்னவோ அதற்கும் அடியில் ஓடியது பொறுமையின்மை என்றுதான் படுகிறது. காத்திருக்க முடியாது, முழுக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் மேடையேற வேண்டும் என்று சொல்லாதே, முன்னுரையை விடு, விஷயத்துக்கு வா. இருபது வயதில் இந்த அவசரம் பாதி பாவனை, கையில் வேண்டிய மட்டும் காலம் கிடக்கிறது. அறுபதுக்கு மேல் அதில் பாவனை எதுவும் இல்லை.

1976 ஏப்ரலில் ரமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸ் பையன்கள். பதினான்கு பாட்டு, எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஓடாது. பதிவுச் செலவு 6,400 டாலர். அன்றைய பெரிய ராக் குழுக்கள் ஒரு ஆல்பத்துக்காக மாதக்கணக்கில் ஸ்டுடியோவில் கிடப்பார்கள். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு ஓடுவதும் உண்டு. டிரம்ஸ்காரர் தனியாவர்த்தனம் தொடங்கினால் ரசிகர்கள் வெளியே போய் ஒரு பியர் குடித்துவிட்டு வரலாம். ரமோன்ஸிடம் அந்த வசதி இல்லை. பேஸ் கிட்டார்காரர் ஒன்றிலிருந்து நாலுவரை எண்ணுவார், பாட்டு பாயும், இரண்டு நிமிடத்தில் முடியும். கைதட்டல் எழுவதற்குள் மறுபடி எண்ணுவார். நாலு பேருக்கும் ரமோன் என்று ஒரே குடும்பப் பெயர், ஒருவருக்கொருவர் எந்த உறவும் கிடையாது.

அந்த ஜூலை 4-ஆம் தேதி, அமெரிக்கா தன் இருநூறாவது சுதந்திர தினத்தைக் கொண்டாடிக்கொண்டிருக்க, இவர்கள் லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் வாசித்தார்கள். பிரிட்டன் அப்போது சர்வதேச நிதியத்திடம் கடன் கேட்டுக் கைநீட்டப் போகிற நிலையில் இருந்தது. படிப்பு முடித்த பையன்களுக்கு வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு. மார்க் பெரி என்ற இளம் வங்கி எழுத்தர் ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்ற கையெழுத்து, தட்டச்சுப் பத்திரிகையை நகலெடுத்து வெளியிட ஆரம்பித்தார். வேறொரு சிறு பத்திரிகை 1977-இன் தொடக்கத்தில் கிட்டாருக்கான மூன்று கார்ட்களைப் படம் போட்டுக் காட்டி, இது போதும், இனி நீயே ஒரு குழு ஆரம்பி என்ற பொருளில் எழுதியது. இசைப் பள்ளிகள் பல வருடம் எடுத்துச் சொல்லித் தருவதை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார்கள். அது இசைக்கல்விக்கு அவமானம் என்றால் அவமானம்தான். அதைப் பார்த்துக் கிட்டார் எடுத்தவர்களில் பாதிப் பேர் அபஸ்வரத்திலேயே வாழ்ந்து முடித்தார்கள். மீதிப் பேர் அடுத்த நாற்பது வருடத்து ராக் இசையை எழுதினார்கள்.

இன்னொரு விஷயம் எனக்கு முக்கியம். லண்டனின் நீல் தெருவில் ராக்ஸி என்ற சிறு கிளப் 1977-இல் சில மாதம் பங்க்கின் கோயிலாக இருந்தது. அங்கே குழுக்களுக்கு இடையில் இசைத்தட்டு போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்த லண்டன் பையன். போடுவதற்குப் பங்க் இசைத்தட்டுகளே அப்போது அதிகம் வெளிவந்திருக்கவில்லை. அதனால் அவர் ஜமைக்காவின் ரெகே இசையைப் போட்டார். சட்டையில் ஊக்கு குத்திய வெள்ளைப் பையன்கள் கிங்ஸ்டன் பாட்டுக்கு ஆடினார்கள். க்ளாஷ் குழுவின் இசைக்குள் ரெகே வந்தது இப்படியான இரவுகளின் வழியாகவும்தான்.

இரவு வேலையும் ஒரு ரேடியோவும்

83 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்து சேர்ந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பங்க் செத்துப் பல வருடமாயிற்று என்று அப்போது பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அது செத்ததாகச் சொல்லப்படாத வருடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

பகலில் படிப்பு, இரவில் பெட்ரோல் ஷெட்டில் வேலை. எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ரேடியோ இருந்தது. இரவு பத்து மணிக்குப் பிறகு பிபிசி ரேடியோ ஒன்றில் ஜான் பீல் பேசுவார். தூக்கம் கலையாத குரல். ஒரு பாட்டைத் தவறான வேகத்தில் ஓடவிட்டுவிட்டு, அதற்காகப் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் அடுத்ததற்குப் போவார். எந்த ஊரிலோ யாரோ சொந்தக் காசில் பதிவு செய்து அனுப்பிய பாட்டுகளை அவர் போட, எனக்கு ஆங்கிலத்தில் பாதி புரியாது. வேகம் புரிந்தது. இலங்கை வானொலியில் திரைப்பாடல் கேட்டு வளர்ந்த காது, நடுநிசியில் ஒரு கார்கூட வராத சாலையைப் பார்த்தபடி, இந்தச் சத்தத்துக்கு எப்படிப் பழகியது என்று கேட்டால் ஒரு காரணம்தான் சொல்லத் தெரியும். அது என்னை விழித்திருக்க வைத்தது.

ஆனால் பாடியவர்களின் உருவம் எனக்குப் பயமாக இருந்தது. மொட்டைத் தலை, கனத்த பூட்ஸ் போட்டவர்கள் சனிக்கிழமை இரவுகளில் ஷெட்டுக்கு வந்து, ‘பாக்கி’ என்று, பாகிஸ்தானியரை இழிக்கும் சொல்லைக் கத்திவிட்டுப் போவார்கள். நாங்கள் எந்த நாடு என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. கூர்முடிக்காரனுக்கும் மொட்டைக்காரனுக்கும் தூரத்திலிருந்து எனக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையில் பங்க் கூட்டத்திலேயே இருவகையும் இருந்தார்கள். தொடக்க நாள்களில் அதிர்ச்சிக்காக ஸ்வஸ்திகா அணிந்து திரிந்தவர்களும் உண்டு. அதை வெறும் விளையாட்டு என்று இன்றைக்கும் சமாதானம் சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மறுபக்கமும் இருந்தது. 1978 ஏப்ரல் 30-இல், ‘ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்’ இயக்கம் டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவரை ஊர்வலம் போனது. பூங்காவில் க்ளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் எல்லாரும் வாசித்தார்கள். எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரின், சோமாலியத் தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் பிறந்தவர், பல்லில் கம்பி கட்டிய இருபது வயதுப் பெண். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே எங்களுக்காக யாரோ கத்திவைத்திருந்தார்கள் என்பதை நான் மெல்ல மெல்லத்தான் தெரிந்துகொண்டேன்.

க்ளாஷ் 1982-இல் ‘ஸ்ட்ரெய்ட் டு ஹெல்’ என்று ஒரு பாட்டு பாடியது. எஃகு ஆலைகள் மூடிய வட இங்கிலாந்தில் குடியேறிகளை விரட்டும் குரலும், அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளும் அதில் வருவார்கள். பங்க் என்ற பேரில் வந்தவற்றில் மிக மெதுவான பாட்டுகளில் ஒன்று. இருபத்தைந்து வருடம் கழித்து அதன் கிட்டார் இழையை எடுத்துத் தன் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டார் ஒரு லண்டன் தமிழ்ப் பெண். மாதங்கி அருள்பிரகாசம். ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் தாயோடு லண்டன் திரும்பி, மிச்சம் பகுதியின் அரசுக் குடியிருப்பில் வாழ்ந்தவர். எம்.ஐ.ஏ என்றால் உலகத்துக்குத் தெரியும். ‘பேப்பர் ப்ளேன்ஸ்’ அமெரிக்கத் தரவரிசையில் நாலாம் இடம்வரை போனது. விசாவையும் குடியேறிகளையும் உலகம் பார்க்கும் பார்வையைக் கேலி செய்யும் பாட்டு. அந்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பேர் ‘கலா’, அம்மாவின் பேர். ஷெட்டில் நான் கேட்ட பாட்டு எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருத்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மகள் அதை வீட்டில் ஓடவிட்டாள். “இந்த கிட்டார் எங்கயிருந்து வந்தது தெரியுமோ?” என்று தொடங்கினேன். அவள் சத்தத்தைக் கூட்டிவிட்டாள். நானும் அந்த வயதில் அதைத்தான் செய்திருப்பேன்.

மரண அறிவித்தல்கள்

பங்க்காரர்கள் ஊசி போட்டு, இருபத்தொரு வயதில், ஹோட்டல் அறையில் சாவார்கள் என்று ஒரு படம் மனத்தில் பதிந்துவிட்டது. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் சிட் விஷியஸ் 1979-இல் ஏறக்குறைய அப்படிச் செத்து, எல்லாருக்கும் அந்தப் பேரை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

ரமோன்ஸின் கதையைப் பாருங்கள். பாடகர் ஜோயி, நிணநீர்ப் புற்றுநோய், 2001, வயது 49. பேஸ் வாசித்த டீ டீ மட்டும் ஹெராயினில், 2002, வயது 50. கிட்டார்காரர் ஜானி, புராஸ்டேட் புற்றுநோய், 2004, வயது 55. முதல் டிரம்ஸ்காரர் டாமி, பித்தநாளப் புற்றுநோய், 2014, வயது 65. அந்த ஆண்டுதான் அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு, 38 வருடம் கழித்து, அமெரிக்காவில் தங்கச் சான்றிதழ் கிடைத்தது. நாலு பேரில் அதைப் பார்க்க டாமி ஒருவர்தான் மிச்சமிருந்தார். இவை எங்கள் பகுதி மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் என் வயதுக்காரர்கள் தாழ்ந்த குரலில் பேசும் நோய்கள். பாலி ஸ்டைரின் மார்பகப் புற்றுநோயில் 53 வயதில் போனார். பஸ்காக்ஸ் குழுவின் பீட் ஷெல்லி 63 வயதில், எஸ்டோனியாவின் தாலின் நகரில், மாரடைப்பில்.

ஜானியும் ஜோயியும் பல வருடம் ஒரே வேனில் ஊர் ஊராகப் போனபடி ஒருவரோடொருவர் பேசாமலே இருந்தார்கள். ஜோயியின் காதலி அவரை விட்டு ஜானியிடம் போய், பிறகு அவரையே மணந்தார். அந்தக் காயம் ஆறவில்லை. மொத்தம் 2,263 கச்சேரி. இதில் பெரும்பகுதி மௌனத்தில் நடந்தது. இளவயதில் இதைப் படித்தபோது வேடிக்கையாக இருந்தது. இப்போது எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று குடும்பங்களும் அப்படித்தான் நடக்கின்றன.

க்ளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் வேறு மாதிரி. தூதரக அதிகாரியின் மகன், அங்காராவில் பிறந்தவர். அவருடைய தந்தையோ லக்னோவில் பிறந்தவர். 2002 நவம்பர் 15-இல் மேற்கு லண்டனின் ஆக்டன் நகர மண்டபத்தில் தீயணைப்புத் தொழிலாளர் சங்கத்துக்காக ஒரு நிதிக் கச்சேரி செய்தார். பார்வையாளர்களில் மிக் ஜோன்ஸ் இருந்தார். 1983-இல் க்ளாஷிலிருந்து இவரே வெளியேற்றிய பழைய கூட்டாளி. கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே மிக் மேடையில் ஏறிக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். ஏறத்தாழ இருபது வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில். ஐந்து வாரம் கழித்து, நாயை உலாத்திவிட்டு வீட்டுக்கு வந்த ஸ்ட்ரம்மர் இறந்துபோனார். பிறவியிலேயே இதயத்தில் இருந்த, யாரும் கண்டுபிடிக்காத ஒரு குறை. வயது 50. அந்த வயதை நான் தாண்டிய வருடம் இசிஜி எடுத்துக்கொண்டேன். காரணம் கேட்ட டாக்டரிடம் ஸ்ட்ரம்மர் பேரைச் சொன்னேன். அவருக்கும் அந்தப் பாட்டெல்லாம் தெரிந்திருந்தது.

செத்தவர்களைவிட இருக்கிறவர்களைப் பார்த்து வயதாவதைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டிருக்கிறேன். அவர்களில் முதலில் வருபவர், சொன்னால் பழைய நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், ஜான் லைடன்.

1976-இல் இங்கிலாந்தே வெறுத்த ஆள். ஜானி ராட்டன் என்ற பேரில் செக்ஸ் பிஸ்டல்ஸுக்குப் பாடியவர். அரசியின் வெள்ளி விழா வருடத்தில் அரசியைக் கிண்டல் செய்து பாடித் தெருவில் வெட்டு வாங்கியவர். பின்னாளில் வெண்ணெய் விளம்பரத்தில் நடித்தார், அரசியலில் என் வீட்டுக்குள் விட முடியாத கருத்துகளைச் சொன்னார். இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு இன்னொன்றைப் பாருங்கள். 1979-இல் தன்னைவிடப் பதின்மூன்று வயது மூத்த நோரா ஃபார்ஸ்டரை மணந்தார். நோராவின் மகள் ஆரி அப், ‘தி ஸ்லிட்ஸ்’ என்ற பெண்கள் குழுவின் பாடகி. ஆரியின் இரட்டைப் பிள்ளைகளைப் பொறுப்பேற்று வளர்த்ததும் இந்தத் தம்பதிதான். ஆரி 2010-இல் 48 வயதில் புற்றுநோயில் இறந்தார். பிறகு நோராவுக்கு அல்சைமர்.

லைடன் ஆளை வைக்காமல் தானே பார்த்துக்கொண்டார். அவர் ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, ஏறக்குறைய ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பெற்றோரைக்கூட அடையாளம் தெரியாத அளவுக்கு நினைவிழந்து மீண்டவர். நினைவு போவது எப்படியிருக்கும் என்று உள்ளேயிருந்து தெரிந்த ஒருவர், நினைவு போய்க்கொண்டிருக்கும் மனைவிக்குச் சாப்பாடு கொடுத்தார். 2023-இன் தொடக்கத்தில் அவர் தன் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவோடு, நோராவுக்காக எழுதிய ‘ஹவாய்’ என்ற பாட்டைக் கொண்டுபோய், யூரோவிஷன் போட்டிக்கு அயர்லாந்தின் பாட்டாகத் தேர்வாகப் போட்டியிட்டார். யூரோவிஷன்! பங்க்காரன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாத இடம். தேர்வாகவில்லை. அந்த ஏப்ரலில் நோரா 80 வயதில் இறந்தார். 1977-இல் லைடன் பாடிய எதையும்விட அந்த மேடையில் நின்றதற்கு அதிகத் துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எவ்வளவு நாள் இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத் தன் பேரைக் காப்பாற்ற நேரம் ஏது?

காது

என் இடது காதில் ஒரு சில்வண்டு குடியிருக்கிறது. டின்னிட்டஸ் என்கிறார்கள். உள்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்ச்செல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனிதனுக்கு அவை ஒருமுறை செத்தால் செத்ததுதான். கோழிக்கு மறுபடி முளைக்கும். படைப்பில் நீதி எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பணியிடங்களுக்கான ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். சிறு கிளப்பில் ஸ்பீக்கர் பக்கம் நின்றால் அதற்கும் மேலே போகும். ஆக, ரமோன்ஸ் ஆல்பம் ஒன்றின் பாதியோடு என் காதின் அன்றாடப் பங்கு தீர்ந்துவிடுகிறது.

இப்போது வெளியே கிளம்பினால் மனைவி வாசலில் நின்று கேட்பாள்: “இஞ்சருங்கோ, காதுக்கு அடைக்கிறதை எடுத்தனீங்களோ?” குளிருக்கு மஃப்ளர் கொண்டுபோகச் சொல்லும் அதே தொனி. எடுத்துக்கொண்டுதான் போகிறேன். கச்சேரியில் திரும்பிப் பார்த்தால் என் வரிசை முழுக்க ஆரஞ்சு நிறத் தக்கை.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊர் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே ரெபெல்லியன் என்ற பங்க் திருவிழா நாலு நாள் நடக்கும். 1996-இல் வேறு பேரில் தொடங்கியது. நடக்கும் இடம் 1878-இல் திறந்த விண்டர் கார்டன்ஸ். அதற்குள் இருக்கும் எம்பிரஸ் நடன மண்டபத்தில்தான் உலகப் புகழ்பெற்ற பால்ரூம் நடனப் போட்டி நடக்கிறது. வால் கோட்டு போட்டவர்கள் வழுக்கி வழுக்கி ஆடும் அதே மரத்தரையில், அறுபது வயது ஆசாமிகள் துள்ளுவதைப் பார்க்க வேண்டும். நெற்றி வழுக்கை ஏற ஏறச் சேவல் கொண்டை முடி பின்னால் தள்ளிப் போயிருக்கும். பச்சைச் சாயம் மட்டும் மாறவில்லை. மதியத்துக்குமேல் நாற்காலிகள் நிறைந்துவிடும். முழங்காலுக்குப் பட்டை கட்டியவர்கள், கைத்தடிக்காரர்கள், பேரப்பிள்ளைகளின் காதில் பெரிய காதுக்காப்பு மாட்டிக் கூட்டிவந்தவர்கள். மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்து ஆடும் வட்டத்தில் ஒரு பழைய சட்டம் உண்டு: யாராவது விழுந்தால் பக்கத்திலிருப்பவர்கள் உடனே தூக்கிவிட வேண்டும். இளவயதில் அது மரியாதைக்காக. இப்போது விழுகிறவர் அதிகம், தூக்குகிறவருக்கும் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. ஆனாலும் தூக்குகிறார்கள்.

‘பழைய நினைப்பில் வாழும் கூட்டம்’ என்று இதைச் சொல்லிவிடலாம், சொல்கிறார்கள். பாதி உண்மையும்கூட. பங்க்கை வைத்து வியாபாரம் செய்தவர்களின் பட்டியல் நீளம். நியூயார்க்கில் ரமோன்ஸ் வளர்ந்த சிபிஜிபி கிளப் 2006-இல் மூடி, அந்த இடத்தில் விலையுயர்ந்த ஆடைக் கடை வந்தது. 2015-இல் பிரிட்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் படம் போட்ட கிரெடிட் கார்டு வந்தது. அடுத்த வருடம், பங்க்கின் நாற்பதாம் ஆண்டுக் கொண்டாட்டத்தைக் கண்டித்து, செக்ஸ் பிஸ்டல்ஸ் மேலாளர் மால்கம் மெக்லாரனுக்கும் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டுக்கும் பிறந்த ஜோ கோரே, ஐம்பது லட்சம் பவுண்டு பெறுமென்று அவர் சொன்ன பங்க் நினைவுப் பொருள்களைத் தேம்ஸ் நதியில் ஒரு படகில் வைத்து எரித்தார். எனக்கு கிரெடிட் கார்டைவிட இந்த எரிப்புதான் அருவருப்பாக இருந்தது. கார்டு வாங்கியவன் வட்டியாவது கட்டுவான். கையிலிருக்கும் சொத்தை எரித்துக் காட்டுவது பணக்காரர்களின் விளையாட்டு.

அமெரிக்காவில் இரண்டு பேர் வயதை வேறுவிதமாகக் கையாண்டார்கள். வாஷிங்டனின் இயன் மெக்கே பதின்வயதில் மைனர் த்ரெட் குழுவில், குடி, போதை எதுவும் வேண்டாம் என்று பாடிப் பெரிய இயக்கத்துக்கே வழிகோலியவர். பிறகு ஃபுகாஸி குழுவில் ஐந்து டாலர் நுழைவுக் கட்டணத்தையே பிடிவாதமாகக் காப்பாற்றினார். கூட்டத்தில் யாராவது மற்றவர்களை அடித்தால் பாட்டை நிறுத்தி, ஐந்து டாலரை உறையில் போட்டுக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். அதற்கும் பிறகு அவரும், பின்னர் அவர் மனைவியான ஏமி ஃபாரினாவும் ‘தி ஈவன்ஸ்’ என்று இரண்டே பேர் சேர்ந்து, சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் வாசித்தார்கள். இளமையில் கிடைத்த ரசிகர்களுக்காக இளமையையே நடித்துக்காட்ட அவர் மறுத்துவிட்டார். எனக்கு அது பிடிக்கும். ஆனால் பிளாக்பூலின் பச்சைக் கொண்டைக்காரர்களையும் எனக்குப் பிடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாட்டேன்.

மற்றவர் கலிஃபோர்னியாவின் டிசெண்டென்ட்ஸ் குழுப் பாடகர் மைலோ ஆக்கர்மன். மூக்குக் கண்ணாடிப் பையன். 1982-இல் அவர் படிக்கப் போவதால் குழு தடைப்பட, முதல் ஆல்பத்துக்கே ‘மைலோ கோஸ் டு காலேஜ்’ என்று பேர் வைத்தார்கள். 1985 ஆல்பத்தின் பேர் ‘ஐ டோன்ட் வாண்ட் டு க்ரோ அப்’. ஆனால் ஆள் வளர்ந்து, முனைவர் பட்டம் வாங்கி, ட்யூபாண்ட் நிறுவனத்தில் தாவர ஆய்வு செய்யும் விஞ்ஞானியானார். இடையிடையே வந்து பாடிவிட்டுப் போவார். 1996-இல், கிழவனான பிறகும் தனக்கு இதெல்லாம் பிடிக்குமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் ஒரு பாட்டும் பாடினார். 2016-இல் அவருக்கு வேலை போனது. ஐம்பதைக் கடந்த வயதில் முழுநேரப் பங்க் பாடகரானார். எங்கள் வீடுகளில் பிள்ளைகளைப் பயமுறுத்த ஏற்ற கதை, தலைகீழாக.

2021 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தின் ஒரு கிளையில், புத்தக அலமாரிகளுக்கு நடுவே நாலு சிறுமிகள் வாசித்த காணொளி ஒன்று உலகம் சுற்றியது. தி லிண்டா லிண்டாஸ். ஆசிய, லத்தீன் அமெரிக்க வீட்டுப் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாறு, டிரம்ஸ் வாசித்தவளுக்குப் பத்து. கொரோனா பொதுமுடக்கத்துக்குச் சற்று முன் வகுப்புப் பையன் ஒருவன் அந்தச் சின்னவளிடம் வந்து, சீனர்களோடு சேர வேண்டாமென்று அப்பா சொன்னதாகச் சொல்லியிருக்கிறான். தான் சீன வம்சம் என்று அவள் சொன்னதும் விலகிப் போனான். அதை அவளும் குழுவில் இன்னொருத்தியும் சேர்ந்து பாட்டாக்கினார்கள். அந்தப் பையனைப் பற்றி, சுற்றிவளைப்பே இல்லை. பெட்ரோல் ஷெட் கண்ணாடிக்குள் நின்று நான் சொல்லாமல் விழுங்கியதை ஒரு பத்து வயதுப் பிள்ளை வாசித்துவிட்டாள்.

சில நாளிலேயே அவர்களை எபிடாஃப் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. அதை நிறுவியவர் பேட் ரிலிஜன் குழுவின் கிட்டார்காரர் ப்ரெட் குரெவிட்ஸ். 1962-இல் பிறந்தவர், கிட்டத்தட்ட என் செட். 2022-இல் அந்தச் சிறுமிகளின் முதல் முழு ஆல்பம் வந்தது. பேர், ‘க்ரோயிங் அப்’. மைலோ வளரவே மாட்டேன் என்ற வயதைவிடச் சின்ன வயதில் இவர்கள் வளர்வதைப் பற்றி ஆல்பம் போட்டுவிட்டார்கள்.

அந்தக் காணொளியை நான் பேத்திக்குக் காட்டினேன். மகளைக் கேட்டுவிட்டுக் காட்டியிருக்கலாம்; கேட்டால் யோசிப்பாள், யோசிக்க நாளெடுக்கும். பேத்திக்கு இப்போது டிரம்ஸ் வேண்டுமாம். மின்னணு டிரம்ஸ் வாங்கினால் ஹெட்போன் போட்டு வாசிக்கலாம், சத்தம் வராது என்கிறான் மருமகன். சத்தம் வராத டிரம்ஸ் எதற்கு என்று நான் கேட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். வீட்டுச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமை அவர்களிடம் போய்ப் பேசும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டிருக்கிறது.